வெட்டினால் தேயுமா வீடியோ?

கும்பகோணத்தில் 1993 முதல் 2019 வரை கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன் நான். கடையை மூடிவிட்டேன், கேள்விகள் மட்டும் நிற்கவில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்யாமல், பிரவுசரிலேயே வீடியோவை வெட்டுவது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: என் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தில் வர்ணத்தை மட்டும் தனியாக போனில் எடுத்தோம். 20 நிமிடம், 1.2 ஜிபி. அதில் 3 நிமிடத்தை அவள் அத்தைக்கு அனுப்புவதற்காக ஒரு இணையதளத்தில் போட்டு வெட்டினேன். வந்த கோப்பு 24 எம்பி. தீர்மானம் (வேகமான அடவுக் கோர்வை) வரும் இடங்களில் விரல்களே தெரியவில்லை, விசிறி மடிப்பு ஒரே குழம்பாக இருக்கிறது. வெட்டத்தானே செய்தேன், ஏன் தேய்ந்தது?
— ஒரு வாசகி, காரைக்குடி

ப: நீங்கள் வெட்டத்தான் சொன்னீர்கள். அந்தத் தளம் வெட்டியதோடு நிற்காமல் முழுவதையும் புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறது. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். 20 நிமிடத்துக்கு 1.2 ஜிபி என்றால் நிமிடத்துக்கு 60 எம்பி. 3 நிமிடத்துக்கு 180 எம்பி இருக்க வேண்டும். வந்தது 24. மீதி 156 எம்பி எங்கே? விரல்களும் விசிறி மடிப்பும் அதோடுதான் போயின.

போனில் இருப்பதே ஏற்கெனவே பிழிந்து காயவைத்த சமாச்சாரம். முழு எச்.டி. படத்தை விநாடிக்கு 30 ஃபிரேம் (தனிப்படம்) வீதம் சுருக்காமல் வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 5.5 ஜிபிக்கு மேல் வரும். அதைத்தான் உங்கள் போன் 60 எம்பிக்குள் அடக்கியிருக்கிறது, கண்ணில் படாது என்று நினைப்பதையெல்லாம் எறிந்துவிட்டு. அந்தத் தளம் இதை மறுபடி விரித்து, தன் கணக்குக்கு இன்னொரு முறை பிழிந்தது. முதல் முறை எறிந்தது திரும்பி வராது. இரண்டாம் முறை இன்னும் கொஞ்சம் எறியப்படும். வேகமாக அசையும் இடம்தான் அதிகம் அடிபடும். தீர்மானத்தில் விரல் போனதற்கும், நிதானமாக அபிநயம் பிடிக்கும் சஞ்சாரியில் முகம் பிழைத்திருப்பதற்கும் (பார்த்துச் சொல்லுங்கள், நிச்சயம் பிழைத்திருக்கும்) அதுதான் காரணம்.

இதில் நான் யாரையும் குறை சொல்லத் தகுதி இல்லாதவன். 2008இல் பாபநாசத்துக் கல்யாணம் ஒன்று. தாலி கட்டும் இடத்தில் பாட்டு மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றினேன். முன்னால் இரண்டு விநாடி வேண்டாம் என்றார்கள், வெட்டினேன். பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னார்கள், போட்டேன். ஒவ்வொரு முறையும் முதல் கோப்பை எடுக்காமல், கடைசியாக ரெண்டர் செய்த (எடிட் முடித்துப் புதிதாக எழுதி எடுத்த) கோப்பையே திறந்து அதன் மேலேயே வேலை பார்த்தேன், நேரம் மிச்சம் என்று. மூன்றாவது ரெண்டரில் மஞ்சள் கயிறும் மஞ்சள் பூசிய விரல்களும் ஒன்றாகக் குழைந்துவிட்டன. பெண்ணின் அப்பா பார்த்துவிட்டு, “தம்பி, எது தாலி, எது கை?” என்று கேட்டார். வி.எச்.எஸ். காலத்தில் மாஸ்டர் கேசட்டிலிருந்து மட்டும்தான் காப்பி போடுவோம். காப்பியிலிருந்து காப்பி போட்டால் நிறம் வழியும் என்று ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். டிஜிட்டல் வந்ததும் அந்தப் பயம் விட்டுப்போயிற்று. எனக்கும்தான்.

சரி, தேயாமல் வெட்டும் வழி. எம்பி4 கோப்பை ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பிழிந்த ஃபிரேம்கள் வரிசையாக இருக்கும், இடையிடையே ஒலித்துண்டுகள் இருக்கும். கூடவே ஒரு பட்டியல்: எந்த ஃபிரேம் எங்கே கிடக்கிறது, அதை எத்தனையாவது விநாடியில் காட்ட வேண்டும் என்று. உங்களுக்கு வேண்டிய 3 நிமிடத்துக்கான ஃபிரேம்களை விரிக்காமல் அப்படியே தூக்கி இன்னொரு பெட்டியில் அடுக்கி, புதுப் பட்டியல் ஒன்று எழுதினால் வேலை முடிந்தது. படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் இந்த வேலைக்குக் கட்டளையே ‘காப்பி’ என்பதுதான். இன்று பல தளங்கள் அதே எஃப்எஃப்எம்பெக்கை வெப்அசெம்ப்ளி என்ற வடிவத்துக்கு மாற்றிப் பிரவுசருக்குள்ளேயே ஓடவிடுகின்றன. ஆக, கருவி எல்லாரிடமும் இருக்கிறது. எந்தத் தளம் காப்பி செய்கிறது, எது மறுபடி பிழிகிறது என்பதில்தான் விஷயம்.

விளம்பர வாசகத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லோரும் ‘தரம் குறையாது’ என்றுதான் போடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு. வெட்டும் பட்டனை அழுத்தியதும் ‘தரம்: அதிகம், நடுத்தரம், குறைவு’ என்று கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். காப்பி எடுப்பவனுக்குத் தரத்தைப் பற்றிக் கேட்க எதுவுமே இல்லை. மூலையில் தளத்தின் பெயர் பொறித்து வந்தாலும் அப்படியே: ஒவ்வொரு ஃபிரேமையும் விரித்து மறுபடி சுருக்காமல் அதை ஒட்டவே முடியாது. அப்புறம் வேகம். உங்கள் 3 நிமிடத்தைக் காப்பியாக எடுக்கச் சில விநாடிகள் போதும். லேப்டாப் விசிறி கத்த ஆரம்பித்து, சதவீதம் ஒன்று ஒன்றாக ஏறினால் உள்ளே பிழிகிறார்கள் என்று அர்த்தம். கடைசியில் மேலே போட்ட அளவுக் கணக்கு. 180க்குப் பக்கத்தில் வந்தால் சரி. சில தளங்களில் இரண்டு வழியும் இருக்கும். ‘லாஸ்லெஸ்’ (இழப்பில்லாமல்) என்றோ ‘கீஃப்ரேமில் வெட்டு’ (கீஃப்ரேம் என்ன என்பது அடுத்த பதிலில்) என்றோ ஒரு சின்னக் கட்டம் எங்கோ ஓரத்தில் இருக்கும். அதை டிக் செய்யுங்கள்.

அத்தைக்கு அனுப்பும்போது ஒன்று. வாட்ஸ்அப்பில் வீடியோ என்று அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒரு முறை பிழியும். நீங்கள் பட்ட பாடு வீண். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். 2 ஜிபி வரை அப்படியே போகும், 180 எம்பி எந்த மூலைக்கு.

கே: தெரு கிரிக்கெட்டில் நான் போல்டு எடுத்ததை நண்பன் போனில் எடுத்தான். 12.4ஆவது விநாடியில் வெட்டச் சொன்னால் அந்தத் தளம் 11.6இலேயே ஆரம்பிக்கிறது. வேறொரு தளத்தில் போட்டால் சரியாக 12.4இல் சத்தம் தொடங்குகிறது, ஆனால் கால் நொடிக்குப் படம் உறைந்து நிற்கிறது. இரண்டில் எது டுபாக்கூர்?
— ஒரு கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

ப: தம்பி, இரண்டுமே யோக்கியமான தளங்கள்தான். பழி வீடியோ எழுதப்படும் முறையின் மேல்.

எங்கள் அப்பாவுக்கு மளிகைக் கடை. மாதம் 1ஆம் தேதி கடையிலுள்ள ஒவ்வொரு சாமானையும் எண்ணி நிறுத்து இருப்பு எழுதுவார். துவரம்பருப்பு இவ்வளவு மூட்டை, நல்லெண்ணெய் இவ்வளவு டின். 2ஆம் தேதியிலிருந்து வந்ததும் போனதும் மட்டுமே எழுதுவார். 17ஆம் தேதி எவ்வளவு பருப்பு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் 1ஆம் தேதிப் பக்கத்திலிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டே வர வேண்டும். இப்போது யாராவது முதல் 16 பக்கத்தைக் கிழித்துவிட்டு நோட்டை உங்களிடம் கொடுத்தால்? “3 மூட்டை வரவு, 40 கிலோ செலவு” என்று இருக்கும். எதிலிருந்து செலவு என்று தெரியாது.

போன் வீடியோவும் அதே கணக்கு நோட்டுதான். முழு இருப்பு எழுதிய பக்கம்தான் கீஃப்ரேம்: அது மட்டும் தனியே நிற்கும் முழுப்படம். அடுத்து வரும் ஃபிரேம்களில் முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பது மட்டும்தான் இருக்கும். பின்னால் ஸ்டம்பு அசையவில்லை, சுவர் அசையவில்லை, அதை எதற்கு மறுபடி எழுதுவது? (சில வகை ஃபிரேம்கள் நாளைய பக்கத்தையும் எட்டிப் பார்த்து எழுதப்படும். அப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.) உங்கள் நண்பன் போனில் கீஃப்ரேம் பெரும்பாலும் விநாடிக்கு ஒன்று விழுந்திருக்கும். 12.4க்கு முன்னால் இருந்த கீஃப்ரேம் 11.6இல். காப்பியாக எடுக்கும் தளம் அங்கிருந்துதான் தூக்க முடியும். இல்லையென்றால் உங்கள் முதல் ஃபிரேம்களுக்கு அடிப்படை இருப்பே இருக்காது. முதல் தளம் அதைச் செய்தது.

இரண்டாவது தளம் நீங்கள் சொன்ன இடத்திலேயே வெட்டியது. ஒலிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. ஏ.ஏ.சி. என்ற வகை ஒலி 1024 மாதிரிகள் (ஒலியை அளந்து எழுதிய எண்கள்) கொண்ட சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கும். ஒரு துண்டு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குதான், எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். அதனால் சத்தம் உடனே வந்துவிட்டது. படம் மட்டும் அடுத்த கீஃப்ரேம் வரும்வரை காத்து நின்றது. உங்கள் கால் நொடி உறைதல் அதுதான்.

மூன்றாவதாக ஒரு தந்திரம் இருக்கிறது, நல்லது கெட்டது இரண்டும் கலந்தது. 11.6இலிருந்து ஃபிரேம்களைத் தூக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, பட்டியலில் மட்டும் ‘முதல் 0.8 விநாடியைக் காட்டாதே’ என்று எழுதிவிடுவார்கள். போனில் போட்டால் சரியாக 12.4இல் தொடங்கும். அந்தக் குறிப்பை மதிக்காத பழைய டிவியில் போட்டால் 11.6இலிருந்தே ஓடும், சில சமயம் சத்தமும் படமும் முன்னே பின்னே போகும். முக்கியமானது என்னவென்றால், மறைத்த துண்டு கோப்புக்குள்ளேயே இருக்கிறது. போல்டு எடுத்ததற்கு முன்னால் நண்பன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால், நீங்கள் வெட்டிவிட்டோம் என்று நிம்மதியாக அனுப்பிய கோப்பில் அது உட்கார்ந்திருக்கலாம். கிரிக்கெட்டுக்குப் பரவாயில்லை. வீட்டு முகவரி, பாஸ்வேர்டு மாதிரி ஏதாவது திரையில் தெரிந்த வீடியோ என்றால் வெட்டும் இடத்தை அடுத்த கீஃப்ரேமுக்கு நகர்த்திவிடுங்கள். அல்லது அந்த ஒரு தடவை தரம் போனால் போகிறது என்று மறுபடி பிழியும் வழியிலேயே வெட்டுங்கள்.

அந்த 0.8 விநாடி நிஜமாகவே கண்ணை உறுத்துகிறதென்றால், வெட்டிய இடத்திலிருந்து அடுத்த கீஃப்ரேம் வரை உள்ள துணுக்கை மட்டும் மறுபடி பிழிந்து, மீதியைக் காப்பியாக ஒட்டும் கருவிகளும் உண்டு. ‘ஸ்மார்ட் கட்’ என்பார்கள். ஒட்டிய இடத்தில் சில நேரம் துள்ளும். என் யோசனை கேட்டால், பவுலர் ஓடி வருவதும் சேர்ந்தே இருக்கட்டும்.

படம் எடுக்கும்போதே விட்டுக்கொடுத்து எடுப்பதுதான் சுலபம். டெக் வைத்து எடிட் செய்த காலத்தில் கேசட் உருண்டு வேகம் பிடிக்கவே சில விநாடி ஆகும் என்பதால், காரியம் தொடங்குவதற்கு முன்பே ரெக்கார்டை அழுத்திவிட்டு ஐந்து எண்ணுவோம். முடிந்த பிறகும் ஐந்து எண்ணுவோம். உங்கள் நண்பனுக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போனில் எடுத்தது என்பதால் உங்களுக்கு முக்கால் விநாடியோடு போயிற்று. எங்கிருந்தோ இறக்கிய வீடியோ என்றால் கீஃப்ரேம்கள் தள்ளித் தள்ளி இருக்கும். எக்ஸ்264 என்ற பிரபலமான சுருக்கியை அதன் போக்கிலேயே விட்டால் 250 ஃபிரேம்வரைகூட கீஃப்ரேம் போடாமல் ஓட்டும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 10 விநாடி.

கே: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். பேத்தியின் வீடியோவை இப்படிப்பட்ட தளங்களில் போட்டால் அது யாருடைய கம்ப்யூட்டருக்குப் போகிறது?
— ஈரோடு வாசகர்

ப: ஐயா, சில தளங்களில் அவர்களுடைய சர்வருக்குப் போகிறது. சிலவற்றில் எங்கும் போவதில்லை, எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. சோதிப்பதற்கு வழி உண்டு. முதலில் சுவரையோ சீலிங் ஃபேனையோ பத்து விநாடி எடுத்து, அந்தத் தளத்தில் ஒரு தடவை வெட்டிப் பாருங்கள். வெட்டும் இயந்திரமே 30 எம்பி அளவுக்கு இருக்கும், அது அப்போதுதான் இறங்கும். பக்கத்தை மூடாமல் வைஃபையை அணைத்துவிட்டு, இன்னொரு ஃபேன் வீடியோவைப் போடுங்கள். வெட்டிக் கொடுத்தால் அது உள்ளூரிலேயே வேலை செய்யும் தளம். ‘இணைப்பு இல்லை’ என்று அழுதால் பேத்தியை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

முன்னோட்டம் உடனே தெரிகிறதே, அதனால் ஏற்றவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முன்னோட்டத்தை உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து காட்டிவிட்டு, பட்டனை அழுத்திய பிறகு ஏற்றுபவர்களும் உண்டு.

கே: ஐபோனில் எடுத்த வீடியோவை ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரவுசரில் போட்டால் சத்தம் வருகிறது, படம் கறுப்பு. கோப்பு கெட்டுவிட்டதா?
— ஒரு வாசகி, ஓசூர்

ப: கெடவில்லை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் எச்.இ.வி.சி. என்ற வகையில் எழுதுகிறது. இடத்தைப் பாதியாகக் குறைக்கும் வகை அது. எல்லா பிரவுசருக்கும் அதை விரித்துக் காட்டத் தெரியாது. சஃபாரிக்குத் தெரியும், குரோமுக்கு 2022இல்தான் வந்தது, அதுவும் கம்ப்யூட்டரின் வன்பொருள் கைகொடுத்தால்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காப்பியாக வெட்டுவதற்குப் படத்தை விரிக்கவே தேவையில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆகவே, கறுப்பாகத் தெரிந்தாலும் அந்தத் தளத்தால் வெட்ட முடியும்! போனில் ஓட்டிப் பார்த்து 2:15இலிருந்து 3:40 வரை என்று குறித்துக்கொண்டு, கறுப்புத் திரையிலேயே நேரத்தை டைப் செய்து வெட்டியிருக்கிறேன். நன்றாக வந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு உறியடிப்பது மாதிரி.

இனிமேல் எடுப்பதற்கு, போனின் கேமரா அமைப்பில் ‘ஃபார்மட்ஸ்’ என்ற இடத்தில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றினால் பழைய எச்.264 வகையில் எழுதும். எங்கும் ஓடும். ஆனால் முழு எச்.டி.யில் நிமிடத்துக்கு 60 எம்பி என்பது 130 எம்பி ஆகும். ஏற்கெனவே எடுத்ததை மாற்றுகிறேன் என்று கிளம்பாதீர்கள். அது மறுபடி பிழிவது.

கே: வெட்டிய பிறகு படம் படுத்துக்கொள்கிறது.
— திருப்பூர் வாசகர்

ப: போனை நிமிர்த்திப் பிடித்தாலும் பல போன்கள் படத்தைப் படுக்கையாகவே எழுதிவிட்டு, ‘காட்டும்போது 90 டிகிரி திருப்பிக் காட்டு’ என்று பட்டியலில் ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். நீங்கள் பயன்படுத்திய தளம் அந்தக் குறிப்பைக் கொண்டுவர மறந்துவிட்டது. தளத்தை மாற்றுங்கள். திருப்பும் பட்டன் இருக்கிறதே என்று அழுத்தினால், குறிப்பைத் திருத்தாமல் படத்தையே பிழிந்து திருப்பும் தளங்கள்தான் அதிகம்.

கே: எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்தை வாடகைக் கேமராவில் எடுத்தோம். கார்டில் மூன்று கோப்புகள், முதல் இரண்டும் சரியாக 4 ஜிபிக்குப் பக்கத்தில் முடிகின்றன. கலசத்தில் நீர் ஊற்றும் நேரம் சரியாக இரண்டு கோப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. பிரவுசரில் போட்டால் டேப் வெள்ளையாகி நின்றுவிடுகிறது.
— விழாக் குழுவினர், அறந்தாங்கி அருகே

ப: கார்டு ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கேமரா படம் எடுப்பதை நிறுத்தாமல் அடுத்த கோப்புக்குத் தாவிவிடும். சாமி காரியத்தில் பெரும்பாலும் ஒன்றும் தவறியிருக்காது, பயப்பட வேண்டாம்.

பிரவுசர் மூச்சுத் திணறுவதற்குக் காரணம், எஃப்எஃப்எம்பெக்கை உள்ளே ஓட்டும் தளங்களில் பல, முழுக் கோப்பையும் நினைவகத்துக்குள் இழுக்கப் பார்க்கும். வழக்கமான வெப்அசெம்ப்ளிக்கு நினைவக எல்லையே 4 ஜிபி. நடைமுறையில் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைக் கொடுத்தாலே மடங்கிவிடும். வேண்டிய இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கும் புதிய தளங்கள் வந்திருக்கின்றன, ஆனால் உங்கள் வேலைக்கு நான் பிரவுசரைச் சொல்ல மாட்டேன். லாஸ்லெஸ்கட் என்று ஒரு மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உள்ளே இருப்பது அதே எஃப்எஃப்எம்பெக். கோப்பை வன்தட்டிலிருந்தே வாசிக்கும் என்பதால் 4 ஜிபி, 40 ஜிபி எல்லாம் ஒன்றுதான்.

முதலில் இரண்டு கோப்புகளையும் அதில் ஒட்டுங்கள். ஒரே கேமரா, ஒரே அமைப்பு என்பதால் பிழியாமலே ஒட்டும். பிறகு ஒட்டியதிலிருந்து கலசத்துப் பகுதியை வெட்டுங்கள். குழுவில் யாரோ போனில் எடுத்த துண்டையும் நடுவில் சேர்க்க ஆசைப்பட்டால், அங்கே இந்த முறை செல்லாது: ஃபிரேம் அளவு, வகை, ஒலி எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் காப்பியாக ஒட்டும். மாறுபட்டால் எடிட்டரிடம் கொடுத்து, முதல் கோப்புகளிலிருந்து ஒரே ஒரு முறை ரெண்டர் எடுங்கள். ஒரே ஒரு முறை. பாபநாசத்தை மறக்க வேண்டாம்.

கோயில் மண்டபத்து எல்.இ.டி. டிவியில் போட பென்டிரைவில் ஏற்றும்போது ‘கோப்பு பெரிது’ என்று சொன்னால் அங்கேயும் ஃபேட்32தான் வில்லன். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். டிவி அதை வாசிக்கிறதா என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள், ஊரைக் கூட்டிவைத்துவிட்டு அல்ல.

கே: ‘100 சதவீதத் தரம்’ என்று தேர்ந்தெடுத்து வெட்டினால் காப்பி மாதிரிதானே?
— ஒரு வாசகர், வேலூர்

ப: இல்லை. அது நல்ல ஜெராக்ஸ். காப்பி என்பது அசல் தாளையே எடுத்துக் கொடுப்பது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம், ஆனால் கோப்பு அசலைவிடப் பெரிதாகக்கூட ஊதிப்போகும். தேய்ந்ததைப் பெரிய பெட்டியில் வைத்த கதை.

கே: 1994இல் நடந்த எங்கள் கல்யாணம் வி.எச்.எஸ். கேசட்டில் இருக்கிறது, 3 மணி நேரம். டிஜிட்டலாக மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். மாற்றிய பிறகு முகூர்த்தம், ஊஞ்சல், நலங்கு என்று தனித்தனியாக வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. முன்கூட்டியே ஏதாவது சொல்லி வைக்க வேண்டுமா?
— ஒரு தம்பதி, மயிலாடுதுறை

ப: அந்த வருஷம் மயிலாடுதுறைப் பக்கம் நானும் சில கல்யாணங்களுக்கு வந்திருக்கிறேன். நான் எடுத்ததாக இருந்தால் விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசியதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மாற்றித் தருபவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். 3 மணி நேரத்தையும் நிறுத்தாமல் ஒரே கோப்பாக எடுக்கட்டும். அவரே வெட்டி, பாட்டுப் போட்டு, ‘மிக்ஸிங்’ செய்து தர வேண்டாம். அடுத்து, கீஃப்ரேம் விநாடிக்கு ஒன்று, முடிந்தால் அரை விநாடிக்கு ஒன்று விழும்படி அமைக்கச் சொல்லுங்கள். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், ஆனால் பின்னால் நீங்கள் எங்கே கை வைத்தாலும் வெட்டுப்படும். டிவிடி ரெக்கார்டரில் எடுப்பவராக இருந்தால் இதைக் கேட்க வேண்டியதே இல்லை. டிவிடியில் அரை விநாடிக்கு ஒன்று இயல்பாகவே இருக்கும். மினி டி.வி. (DV; டெலிவிஷன் அல்ல, சின்ன டேப்பில் பதியும் டிஜிட்டல் முறை) கேமரா வழியாக எடுப்பவர் கிடைத்தால் இன்னும் யோகம். அந்த முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி முழுப்படம், தினமும் இருப்பு எண்ணி எழுதிய நோட்டு மாதிரி. எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பிடிக்கும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

வந்த முழுக் கோப்பை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அதன் நகலில்தான் வெட்ட வேண்டும். முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள். கெட்டிமேளம் தொடங்குவதற்கு முன் யாரோ ஒரு பெரியவர் “ஆச்சா, ஆச்சா” என்று கேட்கும் குரல் இருக்கும். அதை வெட்டிவிடாதீர்கள்.

கேசட்டைக் கொடுக்கும் முன் சின்ன ஜன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பொடி பூத்தது போலத் தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே பிளேயரில் போட்டால் நாடாவும் போகும், பிளேயரின் ஹெட்டும் போகும். சுத்தம் செய்யத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். தெரியாது என்றால் கேசட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.